பிரெஞ்சுக்காரன் போட்ட பொரி

போன மாதம் ஒரு கல்யாணத்தில், ஓமத்தில் விழுந்த பொரி நெய்யோடு கருகும் வாசனை வந்ததும் பந்திக்கு முதல் ஆளாக எழுந்துவிட்டேன். பசி என்று பக்கத்திலிருந்தவர் நினைத்திருப்பார். சாப்பாட்டு விஷயத்தில் எனக்குப் பேர் அப்படி. உண்மையில் அந்த வாசனை எனக்கு ஆகாது. துபாய் அல் கூஸில் தொழிலாளர் கேம்ப் ரூம் ஒன்றுக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

அதைச் சொல்வதற்கு முன், நான் ஒரு பிரெஞ்சுக்காரன் என்பதைச் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள். காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினம் என் ஊர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட மண். விட்டுப் போகும்போது, வேண்டியவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துகொள்ளலாம் என்று ஒரு ஷரத்தையும் எழுதிவிட்டுப் போனார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார். ஏன் என்று கேட்டால், "கூட வந்தவன் போட்டான், நானும் போட்டேன்" என்பார்.

அம்மாவின் அக்காவைக் கொடுத்திருந்தது பக்கத்து நாகூரில். நடுவில் வாஞ்சூர். அந்தக் காலத்தில் அதைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன் சட்டம். அங்கிருந்த சுங்கச் சாவடியில் தாம்பூலத் தட்டைக்கூடப் பிரித்துப் பார்த்துத்தான் விடுவார்களாம். அதனால் பெரியப்பாவுக்குக் கையெழுத்துப் போடும் வாய்ப்பே கிடையாது. அவர் வீட்டுக்கு வந்தால் அப்பா, "இங்கிலீஷ்காரர் வந்துட்டார், இலையப் போடு" என்று குரல் கொடுப்பார். "பரங்கிக் கையால சாப்பிடுறதுக்குப் பட்டினி கிடக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே பெரியப்பா இலை முன்னால் உட்காருவார். இரண்டு ராஜாங்கமும் போய், எல்லையும் போய், எங்களுக்கு மிச்சம் இந்தக் கேலி மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

பெரியம்மாவின் மகன் செல்வமணி அண்ணன்தான் எனக்கு துபாயில் வேலைக்குச் சொல்லி வைத்தவர். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊர் முழுக்கக் கிரேன் நின்ற வருஷங்கள் அவை. "டேய் பிரெஞ்சு, கிளம்பி வாடா. ஒரே ரூம்ல கிடக்கலாம்" என்று போனில் சொன்னார். இருவரும் படித்தது ஒரே பாலிடெக்னிக், சர்வேயர் வேலையும் ஒரே சைட்டில். ஆனால் ஆபீஸில் என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் என்னை ஐரோப்பியர் வரிசையில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு சத்வாவில் ஃபிளாட், வருஷா வருஷம் லீவு, பாஸ்போர்ட் என் சட்டைப் பையில். அண்ணனுக்கு கேம்பில் மேல் கட்டில், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு, பாஸ்போர்ட் கம்பெனி பீரோவில்.

முதலில் அதையும் கேலியாகத்தான் எடுத்துக்கொண்டோம். சைட்டுக்கு வந்த ஒரு பிரெஞ்சு இன்ஜினியர் என் பாஸ்போர்ட்டைக் கேள்விப்பட்டு, ஆசையாக வந்து அவர் பாஷையில் ஏதோ பேசினார். நான் "யெஸ் சார், யெஸ் சார்" என்று தலையாட்டினேன். அண்ணன் அதைக் கேம்ப் முழுக்க நடித்துக் காட்டினார்.

அப்புறம் அவர் தங்கை மல்லிகாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அண்ணனுக்கு லீவு வர இன்னும் ஏழெட்டு மாதம் இருந்தது. எங்கள் வழக்கத்தில் பெண்ணின் கையில் பொரி அள்ளிப் போடுவது உடன்பிறந்தவன் வேலை. "நீயும் கூட வாடா, உன் மூஞ்சிக்காகக் குடுப்பான்" என்று அண்ணன் என்னை ஆபீஸுக்கு அழைத்துப் போனார்.

அங்கிருந்த மேனேஜர் இங்கிலாந்துக்காரர். நியாயமாகப் பார்த்தால் அண்ணனின் ஆள்! அவர் எனக்கு நாற்காலியைக் காட்டினார். அண்ணன் நின்றார். உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் நாற்காலி நுனியில் தொற்றிக்கொண்டேன். முடியாது என்பதைக்கூட அவர் என்னிடம்தான் சொன்னார், அண்ணனைப் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு சிரித்தபடி, "நீங்கள் போவதென்றால் போய்வாருங்கள்" என்றார்.

வெளியே வெயிலில் நின்று அண்ணன் சொன்னார்: "நீ போடா. பொரி போட ஒருத்தன் வேணும்ல."

இதில் ஒரு கூத்து. என் சொந்த ஊருக்குப் போக நான் இந்திய விசா வாங்க வேண்டும். அண்ணனுக்கு விசா தேவையில்லை. போகத்தான் முடியாது.

போனேன். மல்லிகா கையை நீட்டினாள். நான் பொரியைப் போடும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் மண்டப வாசலைப் பார்த்தாள். கண் கலங்கியதற்குப் புகைதான் காரணம் என்றார்கள் பெண்கள். பொரி போட்ட மச்சானுக்கு என்று மாப்பிள்ளை வீட்டார் ஒரு பட்டுக்கரை வேட்டி கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் பெரியம்மா அதை மஞ்சப்பையில் வைத்து என் கையில் திணித்தார். "அவன்கிட்ட குடுத்துடுப்பா. அவனுக்குச் சேர வேண்டியது."

திரும்பிய வெள்ளிக்கிழமை லட்டும் போட்டோக்களுமாகக் கேம்புக்குப் போனேன். பருப்பு கொதிக்கும் வாசனையும் ஈரத் துணி வாசனையும் கலந்த ரூம். கூட இருந்தவர்கள் லட்டுக்குப் பாய்ந்தார்கள். நான் பொரி போடும் படத்தை மட்டும் அண்ணன் கையில் வைத்திருந்தார்.

"நல்லாத்தான் போட்டிருக்கீங்க தம்பி."

கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வேட்டியை நீட்டினேன்.

"உங்களுக்குக் குடுத்தது. நீங்களே கட்டிக்குங்க."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்றைக்கும் அந்தப் படத்தை நினைத்தால் உடம்பு கூசுகிறது. தப்பு செய்திருந்தால் மன்னிப்புக் கேட்டுத் தொலைத்திருப்பேன். கையெழுத்துப் போட்டவர் அப்பா. அவரும் கூட வந்தவனைப் பார்த்துப் போட்டவர். யார் காலில் போய் விழுவது?

அந்தக் கேம்ப் இப்போது இல்லை. அல் கூஸில் அந்தப் பக்கமெல்லாம் ஓவியக் கூடங்களும் காபிக் கடைகளும் வந்துவிட்டன. வாஞ்சூரில் பழைய சாவடி எங்கே இருந்தது என்று கேட்டால் பக்கத்து மதுக்கடையைக் காட்டுகிறார்கள். அண்ணன் நாகூருக்கே வந்துவிட்டார். ஊருக்குப் போகும்போதெல்லாம் அவர் வீட்டில்தான் சாப்பாடு. வாசல்வரை வந்து, "வாங்க தம்பி" என்று கூட்டிப்போவார். ஒரு குறையும் வைக்க மாட்டார்.

போன தடவை வேண்டுமென்றே மீன் சட்டியை எடுத்து அவர் தட்டில் நான் பரிமாறப் போனேன். "பரங்கிக் கையால சாப்பிடுவீங்களாண்ணே?"

"அதெல்லாம் அந்தக் காலம் தம்பி" என்று சட்டியை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். "நீங்க போட்டுக்குங்க."