எளிய பாதையில் பதினான்கு இழைகள்

இதை நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகல் என் பீரோவில் இருக்கிறது. அதை எழுதியவர் ஒரு டாக்டர். அதற்கு முந்தின நாள் நடந்ததை மட்டும் நான் எழுதுகிறேன்.

நாங்கள் நெசவுக் குடும்பம். என் தங்கை அம்சா, வீட்டுத் தறி வேலையோடு பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையிலும் வேலை செய்தாள். போன ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைப் பெண்கள் ஒன்பது பேர் வேன் பிடித்து மலைக்குப் போனார்கள். காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர் நடைபாதை. பெரிய ஏற்றம் எதுவும் கிடையாது. நுழைவாயிலில் ‘எளிய பாதை’ என்று பலகையே வைத்திருக்கிறார்கள். எட்டுப் பேர் திரும்பி வந்தார்கள்.

பதினொரு நாள் தேடினார்கள். நாய் வந்தது, ட்ரோன் வந்தது. பிறகு எதுவும் வரவில்லை. பத்தொன்பதாம் நாள், நானும் அம்சாவின் கணவன் குமரனும் விடியற்காலை 5.20 பஸ்ஸில் கிளம்பினோம். மூன்று பஸ் மாற வேண்டியிருந்தது. அவள் உயிரோடு இருப்பாள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான் குமரன். நானும் தலையாட்டினேன். உள்ளுக்குள் நான் நினைத்தது வேறு. ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும், இந்தக் காத்திருப்பு முடிந்தால் போதும். அப்படி நினைத்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வாசலில் சிட்டிபாபு என்ற வன வாட்சர் இருந்தார். என் கையிலிருந்த சிவப்புப் பட்டு நூல் கண்டைப் பார்த்தார்.

“எதுக்குமா இது? மரத்துக்கெல்லாம் பொடவ நெய்யப் போறியா?”

“வழி தப்பாம இருக்க, செடியில கட்டிக்கினே போறேன்.”

“ஸ்கூல் பசங்க ஓடியாடுற பாதைமா. இதுல தப்புறதுக்கு என்னா இருக்குது?” சொல்லிவிட்டுத்தான் குமரன் முகத்தைப் பார்த்தார். “தப்பா எடுத்துக்காதப்பா... அஞ்சு மணிக்குள்ள வந்துடுங்க.”

உள்ளே நுழைந்தபோது மணி 2.50.

இருநூறு அடிக்கு ஒரு முறை நூலை முழ நீளம் பல்லால் கடித்து, செடியில் கட்டினேன். எண்ணிக்கொண்டே போனேன். பதினான்கு. அங்கே ஒரு பெரிய பாறை. கீழே பள்ளத்தாக்கில் ஓடை இறங்கும் சத்தம்.

“இங்கயே இருங்க அண்ணி. ஓடை வரைக்கும் பாத்துட்டு வரேன்,” என்றான் குமரன்.

“சீக்கிரம் வா மாப்ளே.”

3.40. உட்கார்ந்தேன். வெயில் இருந்தது. பறவைச் சத்தம் இருந்தது.

4.05க்கு, பறவைச் சத்தம் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். கடைசியாகக் கட்டிய இழையைக் காணோம். எழுந்து போய்ப் பார்த்தேன். அதற்கு முந்தினதும் இல்லை. அதற்கு முந்தினதும்... காற்று அடிக்கவில்லை. முடிச்சுகளை நான் இறுக்கித்தான் போட்டிருந்தேன்.

பாறைக்குத் திரும்பினேன். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு நீளச் சிவப்பு நூல் கிடந்தது. மறு முனை புதருக்குள் போயிருந்தது.

கையில் எடுத்தேன். என்னுடைய துண்டுகள்தான். ஒன்றோடொன்று இணைந்திருந்தன. முடிச்சே இல்லை.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவு தீரும்போது, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். முடிச்சுப் போட மாட்டோம். விரலில் சாம்பலைத் தொட்டு முறுக்குவோம். எதிரெதிரே இரண்டு பேர். ஒருத்தி முனையை நீட்டுவாள், மற்றவள் முறுக்குவாள். முப்பது வருடம் நான் நீட்டினேன். அம்சா முறுக்கினாள். அவள் இடதுகைக்காரி. அவள் முறுக்கு எதிர்ப்பக்கம் சுற்றும்.

இந்த முறுக்கும் எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தது.

ஒவ்வொரு பிணைப்பிலும் சாம்பல்.

உயிரோடு இருக்கிறாள்! கத்தினேன். “அம்சா! எங்கடி இருக்க?”

நூல் மட்டும் அசைந்தது. உள்ளே இழுபட்டது. என் விரல்களுக்கு நடுவே கடைசித் துண்டின் முனை வந்து நின்றது.

புதருக்குள்ளிருந்து மெல்லிய குரல்.

“அக்கா... இழை குடு.”

எங்கள் கை யோசிக்காது. இழை கேட்டால் நீட்டும். கண்டின் முனையை நீட்டினேன்.

இலைகளுக்கு நடுவே ஒரு கை வந்தது. இடது கை. அம்சாவின் மோதிரம். விரல்கள் என் விரலைத் தொட்டன. ஈர மண் போன்ற குளிர்ச்சி. நிதானமாக, அழகாக முறுக்கின.

அந்தக் கையின் மணிக்கட்டில் ஈக்கள் உட்கார்ந்திருந்தன.

அவற்றை அது விரட்டவில்லை.

மணி 4.17.

ஓடினேன்.

கண்டு கையில்தான் இருந்தது. ஏன் எறியவில்லை? தெரியவில்லை. உள்ளங்கைக்குள் அது சுழன்று பிரிந்துகொண்டே வந்தது... சர்ர்... சர்ர்... பின்னால் காலடிச் சத்தம். ஓடவில்லை. நடந்து வந்தது.

நான் நின்றால், நின்றது.

திரும்பிப் பார்க்கவில்லை.

பலகை தெரிந்தது. கண்டு தீர்ந்தது. நூல் விண்ணென்று இழுத்தது.

அறுந்தது.

காலடிச் சத்தமும் நின்றது.

4.29.

குமரன் வந்தபோது மணி 4.45. மூச்சு வாங்கியது. “ஓடையிலிருந்து கூப்புட்டேன் அண்ணி, நீங்க காதுலயே வாங்கல. உங்க பின்னாடி வந்துக்கினு இருந்தது யாரு?”

உண்மையைச் சொன்னால் அவன் திரும்ப உள்ளே போவான். அதனால், யாரோ என்று சொன்னேன்.

மறுநாள் காலை 6.10. சிட்டிபாபு போன் செய்தார். “கெடைச்சிட்டாங்கமா... கேட்லர்ந்து நாப்பது அடி. பாதை மேலயே. நேத்து சாயங்காலம் பூட்டும்போதுகூட அங்க ஒண்ணும் இல்லமா. சத்தியமா இல்ல.”

நூல் அறுந்த இடம் அது.

அறிக்கை இப்படிச் சொல்கிறது. உயரத்திலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்திருக்கிறது. இறந்து ஏறத்தாழ பத்தொன்பது நாட்கள். உடலெங்கும் பள்ளத்தாக்கின் அடி மண். இரண்டு உள்ளங்கால்களிலும் கல்லும் முள்ளும் கிழித்த புதுக் காயங்கள். அவற்றில் ரத்தக் கசிவு இல்லை. ‘இறப்புக்குப் பின் ஏற்பட்டவை.’ இடது கையில் சிவப்பு நூல்.

குமரன் அந்தப் பக்கத்தை நான்கு முறை படித்தான். அப்போதுதான் நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னேன். அவன் பயப்படவில்லை, அழவும் இல்லை. அறிக்கையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டான்.

“அவ்ளோ தூரம் வந்தாளே அண்ணி... கொஞ்சம் மெதுவா நடந்து, அறாம வூட்டுக்குக் கூட்டிக்கினு வந்திருக்கக் கூடாதா?”