சிவப்பு எந்தக் கண்ணுக்கு?

பிள்ளைகளே, தொண்ணூறுகளில் நான் ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் மில்லிங் மெஷின் ஓட்டினேன். ஒருநாள் கன்னடக்கார இன்ஜினியர், நான் வெட்ட வேண்டிய வார்ப்பு அச்சைக் கம்ப்யூட்டரில் சிவப்பும் நீலமுமாகக் காட்டினார். கூடவே, ஒரு கண்ணுக்குச் சிவப்பும் மறு கண்ணுக்கு நீலமுமாகக் கண்ணாடித்தாள் ஒட்டிய, கையில் பிடித்துப் பார்க்கும் அட்டைக் கண்ணாடி ஒன்றையும் கொடுத்தார். அதன் வழியே பார்த்ததும் அச்சு திரையைவிட்டு எழுந்து நின்றது.

"நடுவுல மேடு இருக்குதுங்க சார்."

"மேடா? குழிரீ அது! தப்பா வெட்டினா இருக்கிற ஒரே இரும்பு பிளாக்கும் போச்சு!"

மறுபடி உற்றுப் பார்த்தேன்; மேடுதான். என் முகத்தைப் பார்த்து அவர் சிரித்தார். "கெம்பு எடக்கண்ணுக்கு மாராயரே!"

கெம்பு என்றால் கன்னடத்தில் சிவப்பு; மாராயரே என்பது நம்ம 'ஐயா' மாதிரி. கண்ணாடியைத் திருப்பினேன். மேடு அப்படியே குழியாக இறங்கியது.

அட்டையின் இடப்பக்கத்தில் 'கெம்பு' என்று தமிழ் எழுத்தில் எழுதிவைத்தேன். மறுநாள் குழியை வெட்டும்போது, ஏற்கெனவே பார்த்த இடம்தானே என்று கை தயங்கவே இல்லை.