கோடைக்கு ஆள் தேவை

மே மாதக் கடைசியில் டெரிக் நைக்விஸ்ட் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, ஆர்லன் தோர்சனின் இரும்புக்கடைக் கண்ணாடியில் ‘கோடைக்கு ஆள் தேவை’ என்ற அட்டை தொங்கியது. வருடா வருடம் தொங்குவதுதான். வேலை வேண்டும் என்கிற பையன் அதைக் கழற்றிக்கொண்டுபோய்க் கல்லாவில் வைக்க வேண்டும். வேறு பேச்சு கிடையாது. அந்த ஏரிக்கரை ஊரில் கல்லூரிக்குப் போனவர்களில் பாதிப் பேர் ஒரு கோடையிலாவது அந்த அட்டையைக் கழற்றியவர்கள்.

மணிக்கு ஏழு டாலர். டெரிக் கணக்குப் படிப்பவன். கணினியில் போக்கர் ஆடி மணிக்கு இருபத்திரண்டு டாலர் எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு வாரத்து அதிர்ஷ்டமல்ல. எட்டு மாதச் சராசரி. அட்டையைப் பார்த்தான், கடையைத் தாண்டிப் போனான்.

அவன் அம்மா லொரெய்னுக்குப் பள்ளிச் சமையலறையில் வேலை. மகன் படுக்கையறையில் உட்கார்ந்து சம்பாதிப்பதை அவளால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

“வேலைக்கு எப்போடா போகப்போறே?”

“இதுதான்மா வேலை.”

“சட்டைகூடப் போடாம செய்யற வேலையா?”

மறுநாளிலிருந்து எட்டரை மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். திரையில் அவன் பெயர் சாம்பல்நரி. ஒரே சமயத்தில் எட்டு மேஜைகள். வெளியே இருப்பவர்கள் நினைப்பதுபோல் அதில் பரபரப்பு ஒன்றும் இல்லை. நூறு கை சீட்டு வந்தால் எண்பதை ஆடாமலே கவிழ்த்துவிட வேண்டும். கவிழ்ப்பதுதான் தொழில். தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவர்கூட அவனைவிடச் சுவாரசியமாக வாழ்ந்தார்.

வருமானம் கவிழ்க்கத் தெரியாதவர்களிடமிருந்து வந்தது. மேஜையில் அவர்களுக்கு ‘மீன்’ என்று பெயர். ஜூன் இரண்டாவது வாரத்தில் அவனுக்கு ஒரு நல்ல மீன் கிடைத்தது. பெயர் டீசல்57. எந்தச் சீட்டு வந்தாலும் கடைசிவரை காசு கட்டிப் பார்க்கிற மனிதர். எதிராளியிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்க முடியவில்லை. அந்த ஆர்வத்துக்கு முப்பது, நாற்பது டாலர் கொடுப்பார். தோற்றதும் திரையின் ஓரத்தில், “நல்ல ஆட்டம். நன்றி” என்று தட்டுவார். மற்றவர்கள் அவரைக் கழுதை என்று திட்டினார்கள். அதற்கும் நன்றி சொன்னார்.

ஒரே ஒரு குறை. கையில் சீட்டை வைத்துக்கொண்டே திடீரென்று காணாமல் போய்விடுவார். நேரம் முடிந்து சீட்டு தானாகக் கவிழும். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வருவார். டெரிக்குக்கு அந்தப் பத்து நிமிடங்கள் எரிச்சலாக இருந்தன. அவர் ஆடியதிலேயே சிறந்த ஆட்டம் அந்தக் காணாமல் போவதுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை டெரிக் அவரிடமிருந்து நூற்றெண்பது டாலரை ஒரே கையில் எடுத்தான். டீசல்57 தட்டினார்: “உஃப்டா.”

டெரிக்கின் விரல் நின்றது. கனமான பெட்டியைத் தூக்கும்போதும், ஆஸ்பத்திரி பில்லைப் பார்க்கும்போதும் அவன் ஊர்க்காரர்கள் சொல்கிற சொல் அது. நார்வேயிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் சொல்லமாட்டார்கள். ஆர்லன் கடையில் ஒரு கிழட்டுக் கறுப்பு நாய் கல்லாவுக்கு அடியில் படுத்திருக்கும். அதன் பெயர் டீசல். கடையின் பெயர்ப்பலகையில் ‘1957 முதல்’ என்று எழுதியிருக்கும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, பள்ளி விடுமுறையில் வீட்டிலிருந்த அம்மாவிடம், “குளியலறைக் குழாய் சொட்டுதும்மா. ஆர்லன் கடையில ஒரு வாஷர் வாங்கிட்டு வாயேன்” என்றான். பத்தேகாலுக்கு டீசல்57 காணாமல் போனார். பத்தே முக்காலுக்குத் திரும்பினார். பதினோரு மணிக்கு அம்மா வந்தாள்.

“கடையில ஆளே இல்லடா. மணிய அடிச்சப்புறம் பின்னறையிலேர்ந்து வந்தார், பாவம். கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு எங்கயோ பாக்குறார். ஒரு வாஷருக்கு அரை மணி நேரம் பேசினார்.”

“எதப் பத்தி?”

“எதப் பத்தியும் இல்ல. உன்னை விசாரிச்சார். அட்டை இன்னும் தொங்குதுன்னார்.”

ஆக, அவன் வேண்டாம் என்று தாண்டிப்போன முதலாளிதான் அவனுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார். அதுவும் மூன்று மடங்காக.

அப்பா விட்டுவிட்டுப் போன வருடம், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், குளிருக்கு அவர்கள் வீட்டைச் சூடாக்கும் அடுப்பு நின்றுபோனது. ஆர்லன் வந்து நான்கு மணி நேரம் தரையில் படுத்துச் சரிசெய்தார். கூலி வாங்கவில்லை. ஒரு தட்டு இனிப்புத் துண்டுகளை வாங்கிக்கொண்டு, அதற்கு மூன்று தடவை நன்றி சொல்லிவிட்டுப் போனார். டெரிக்குக்கு அப்போது பன்னிரண்டு வயது. டார்ச் பிடித்தவன் அவன்தான்.

ஒரு நாள் அவர் மேஜையை விட்டு விலகிப் பார்த்தான். அன்று முகம் தெரியாத இரண்டு பேர் சேர்ந்து அவரிடம் அறுநூறு டாலரைக் கறந்தார்கள். நானாக இருந்தால் இருநூறோடு விட்டிருப்பேன் என்று நினைத்து மறுநாள் திரும்பப் போனான். மூன்று வாரம் அதை உதவி என்றே நம்பினான்.

ஜூலை நடுவில் அம்மா சொன்னாள்: “ஆர்லன் இந்த வருஷம் பெயிண்ட் சரக்கே எடுக்கலையாம். நெடுஞ்சாலையில அந்தப் பெரிய கடை வந்ததுலேர்ந்தே கஷ்டம்தான். கடைய வித்துடுவார்னு பேச்சு.”

பெரிய கடை பாதிதான். மீதிப் பாதி யார் என்று டெரிக்குக்குத் தெரியும்.

நேரே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஊரில் வீடு பற்றி எரிந்தால்கூட, ‘கொஞ்சம் வெக்கையா இருக்கில்ல?’ என்றுதான் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். ஒரு மனிதனிடம் போய், நீ சூதாடித் தோற்கிறாய், ஜெயிப்பவன் நான் என்று சொல்வதற்கு அங்கே வார்த்தை கிடையாது. பக்கத்தில் இருந்தால் தடுக்கலாம் என்று டெரிக் தெரிந்த வழியில் போனான். கண்ணாடியிலிருந்து அட்டையைக் கழற்றிக் கல்லாவில் வைத்தான்.

ஆர்லன் அட்டையையும் அவனையும் பார்த்தார்.

“கோடை பாதி போயிடுச்சேப்பா.”

“ஆமா. மீதி இருக்கில்ல?”

“இருக்கு, இருக்கு” என்றார். முகம் மலர்ந்துவிட்டது. சாவி வெட்டும் இயந்திரத்தைக் காட்டினார், போல்ட் டப்பாக்களைக் காட்டினார். பிறகு, “நீ வந்தது எவ்வளவு நிம்மதி தெரியுமா? ஒரு வாடிக்கையாளர் வந்தா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வரவேண்டியிருந்தது” என்றார். பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று நான்கு மணி நேரம் அவர் வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னால் அடிக்கடி ஒரு சின்ன மணியோசை கேட்டது. உன் முறை, பதினைந்து விநாடிதான் இருக்கிறது என்று எச்சரிக்கும் ஓசை. டெரிக்குக்குத் தூக்கத்திலும் கேட்கும் ஓசை. அவன் கல்லாவில் நின்றபடி, தான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்துகொண்டான். அந்த மனிதரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர்கள் வாடிக்கையாளர்கள் மட்டும்தான். இப்போது அவர்களை வழிமறித்து நிற்க மணிக்கு ஏழு டாலர் வாங்குகிறான்.

இரண்டாம் நாள் டெரிக் முட்டாளானான்.

மணியோசை கேட்கும். கதவைத் தட்டுவான். “ஆர்லன், மன்னிக்கணும். கால் அங்குல போல்ட்டுக்கும் அரை அங்குல போல்ட்டுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது?”

அவர் எழுந்து வந்து சொல்லிக்கொடுப்பார். பொறுமையாக. உள்ளே சீட்டு தானாகக் கவிழ்ந்துகொள்ளும். திரும்பிப் போய் உட்காருவார். மணியோசை. தட்டல்.

“ஆர்லன், சுத்தியல் எந்தப் பக்கம் இருக்கு?”

“உனக்குப் பின்னாடி, அலமாரியிலப்பா.”

“ஆமா, இருக்கு.”

ஒவ்வொரு தட்டலையும் கணக்குப் பார்த்துத்தான் தட்டினான். வாடிக்கையாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நாலு வருஷப் படிப்பாம்” என்றார் தூண்டில் வாங்க வந்த ஒரு கிழவர். “ஆணிக்கு எது தலைன்னு கேக்குறான்.”

“மூணு வருஷம்தான் ஆகியிருக்கு” என்றார் ஆர்லன். “தலை நாலாவது வருஷத்துல வரும்போல.”

அம்மாவுக்கும் செய்தி போயிற்று. “ஊரே சிரிக்குதுடா. பீங்கான் தொட்டி கேட்டவருக்குப் பூந்தொட்டி கொடுத்தியாமே?” டெரிக் தட்டைக் காலி செய்தான். போக்கர் கற்றுக்கொண்டதிலிருந்து இத்தனை நன்றாக அவன் ஆடியதில்லை. சீட்டில்லாமல், கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, இன்னொருவர் கையைக் கவிழ்க்க வைத்துக்கொண்டிருந்தான். ஒரு நாளைக்கு அறுபது கை, எழுபது கை.

ஆகஸ்ட் கடைசியில், கல்லூரிக்குத் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு, ஆர்லன் அவனைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். நாயும் கூடவே வந்து காலடியில் படுத்தது.

“உக்காருப்பா. மனசுல வச்சுக்காதே. எல்லாருக்கும் எல்லா வேலையும் வராது.”

“புரியுது.”

“கெட்ட பையன்னு சொல்லல. பெருக்குறது நல்லாவே பெருக்குறே.” கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினார். “நீ கணக்குப் படிக்கிறவன். இத முயற்சி பண்ணிப் பாரேன். உன் வயசுப் பசங்க இதுல சம்பாதிக்கிறாங்களாம்.”

டெரிக் பச்சை மேஜையைப் பார்த்தான்.

“ஜூன்ல நானும் கொஞ்சம் அடி வாங்கினேன். பொய் சொல்லக்கூடாது. ஆனா இந்த மாசம் நஷ்டமே இல்ல. இப்பல்லாம் நிறைய கவுத்துடறேன். பொறுமை வந்துடுச்சு.” குரலைத் தாழ்த்தினார். “அடுத்த வாரத்துலேர்ந்து பெரிய மேஜை. பந்தயம் அஞ்சு மடங்கு. பெயிண்டுக்கு வச்சிருந்த பணம் அப்படியே இருக்கு.”

“ஆர்லன்...”

“சாம்பல்நரின்னு ஒருத்தன் இருந்தான். என் தோலை உரிச்சவன். ஜூலை பாதிலேர்ந்து ஆளையே காணோம். எனக்கு ஆட்டம் பிடிபட்டுடுச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டான். பயந்துட்டான்.”

டெரிக் நாயைப் பார்த்துக்கொண்டு பேசினான். “பயப்படல. சாவி வெட்டிக்கிட்டிருந்தான்.”

“யாரு?”

“சாம்பல்நரி. உங்க கல்லாவுல. நீங்க கவுக்கவே இல்ல, ஆர்லன். நான் கதவத் தட்டுனேன்.”

ஆர்லன் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி நெற்றியிலேயே ஏற்றினார். பெட்டியைத் தூக்கும்போது சொல்கிற அந்தச் சொல் வருமென்று டெரிக் எதிர்பார்த்தான். வரவில்லை.

“சுத்தியல் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா?”

“மூணாவது அலமாரி. கீழ்த்தட்டு.”

“ஓ.” தலையை ஆட்டினார். “நல்ல ஆட்டம்.”

நன்றி சொல்லவில்லை.

முன்னால் கடை மணி அடித்தது. டெரிக் எழுந்தான். ஆர்லன் கையை அவன் தோளில் வைத்து அழுத்தி உட்காரவைத்தார். “நான் பாக்குறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். நாய் யோசித்துவிட்டு எழுந்து அவர் பின்னால் போனது. யாரிடமோ, பெயிண்ட் அடுத்த வாரம் வந்துவிடும், எந்த நிறம் வேண்டும் என்று அவர் கேட்பது காதில் விழுந்தது.

திரையில் இரண்டு சீட்டுகள் வந்து விழுந்தன. ஒன்றுக்கும் உதவாத ஒன்பதும் நாலும். ஆர்லன் ஆடியிருப்பார். மணியோசை கேட்டது. டெரிக் கையைக் கட்டிக்கொண்டு பதினைந்து விநாடிகள் எண்ணினான்.