கல் வைத்த இடம்

வாசகசாலை நண்பர்களே, யுத்தத்தால் வந்த ரேஷன் கடையில் இன்று அடிதடி நடக்க இருந்தது.

வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் இடத்துக்கு அடையாளமாக வரிசையில் கல் வைத்துவிட்டுப் போவது ராஜபாளையத்து வழக்கம். மில்லில் வேலை செய்யும் பாக்கியமும் விடியலில் அப்படி வைத்திருந்தாள். மத்தியானம் வந்தால் கல்லைக் காணோம். மூட்டையிலோ அரிசி அடிமட்டம்.

"கடைசிக்குப் போ ஏட்டி!" என்றார் எனக்குப் பின்னால் நின்ற சேத்தூர்க்காரர்.

"வீட்டுல புள்ளைக பட்டினி. போக மாட்டேன்!"

அவர் கையை ஓங்கினார். நான் குறுக்கே போய், கடைப் பலகையில் இருந்த 'புரொவிஷன்' என்ற சொல்லைக் காட்டினேன்.

"புரொவைட்னா கொடுக்கிறதுன்னு நெனைக்கோம். லத்தீன்ல அதுக்கு மூலம், முன்கூட்டிப் பாக்குறது. மழைக்கு முந்தி வெறகு அடுக்குதோமே, அதுமாதிரி. விடியல்ல கல்லு வச்சு இந்தப் புள்ளையும் அதைத்தான செஞ்சிருக்கு?"

"அம்புட்டு நியாயம் பேசுதீரே வாத்தியாரே, ஒம்ம எடத்தைக் குடும் பாப்போம்!"

கொடுத்தேன். அவளோடு அரிசி தீர்ந்தது.

வெறும் பையோடு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். "ஒலை கொதிக்குது. அந்த லத்தீனைப் போடவா?" என்று கேட்கிறாள் என் மனைவி.

முன்கூட்டிப் பார்த்து அரிசி வைத்திருப்பவர்கள் வாசகசாலையில் ஒட்டியிருக்கும் இந்தத் தாளின் கீழே பெயர் எழுதுங்கள். அதைப் பதுக்கல் என்று நான் சொல்லமாட்டேன்.