கறார் அக்காவும் ஆறாத டீயும்

கப்பல் துறையில் எல்லாருக்கும் அவள் கறார் அக்காதான். நிலையத் தலைவர் அவளைவிட வயதில் மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவள் பார்க்கிற வேலை அப்படி. நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போகிற கப்பல்கள் எல்லாம் இடைவெளி என்கிற ஓர் இருட்டைக் கடந்துதான் வந்தாக வேண்டும். அந்த இருட்டில் காலப்பேய்கள் குடியிருக்கின்றன. பேய் என்றால் கோபம் பொத்துக்கொண்டு வரும், அதனால் நாழியார் என்று மரியாதையாகச் சொல்லிவிடுவார்கள். நாழியாருக்குத் தோன்றினால் கப்பலைப் பிடித்து வைத்துக்கொள்வார். யாராவது எதிரே போய் உட்கார்ந்து, பேரம் பேசி, விலை படிந்தால்தான் விடுவார். அந்த யாராவது கறார் அக்கா.

விலை என்றால் காசில்லை, காலம். நாழியார் எடுத்த எடுப்பில் பயணிகளின் ஆயுசைக் கேட்பார். தலைக்கு இத்தனை வருஷம் என்பார். அக்கா அதை அடித்துப் பேசி, ஊர்ச்சனம் வரிசைகளில் நின்று வீணாக்கிய நேரத்துக்குக் கொண்டுவந்து முடிப்பாள். ஆஸ்பத்திரி வாசலில், அலுவலக ஜன்னலில், பஸ்ஸே வராத நிறுத்தத்தில் எல்லாம் ஒரு பித்தளைத் தகடு பதித்திருக்கும். காத்திருக்கிறவர்கள் அதில் உள்ளங்கையை வைத்தால் அந்த நேரம் துறையின் தொட்டிக்கு வந்து சேரும். எப்படியும் உருப்படாமல் போகிற நேரம், யாருக்கும் நஷ்டமில்லை.

பேச்சறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு டம்ளர் டீ. எதிர் நாற்காலி எப்போதும் காலியாகத்தான் தெரியும். டீயைப் பார்த்துத்தான் ஆள் வந்திருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். நாழியார் பக்கத்தில் இருந்தால் டீ ஆறாது. கிளம்பின ஆவி டம்ளருக்கு மேலே அப்படியே நிற்கும்.

பேரத்துக்கு முறை இருக்கிறது. கேட்ட விலைக்குச் சரி என்று சொல்லிவிடவே கூடாது. முன்னால் இருந்த ஒரு புண்ணியவான் மனசு கேட்காமல் அப்படித் தலையாட்டிவிட்டார். இவ்வளவு சுலபமாகத் தருகிறவனிடம் இன்னும் இருக்கும் என்று நாழியார் இரட்டிப்பாக எடுத்துக்கொண்டார். அந்தக் கப்பலிலிருந்து கைக்குழந்தைகள் நரைத்த தலையோடு இறங்கினார்கள். பேரம் படியவில்லையா, டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நடக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. யார் முதலில் கூப்பிடுகிறாரோ அவர் தோற்றார். இன்னொன்று, கப்பலில் சொந்தக்காரர் இருந்தால் அந்த நாற்காலியில் உட்காரவே கூடாது. ஆசையை நாழியார் மோப்பம் பிடித்துவிடுவார்.

அக்கா இதில் புலி. சரக்கை மட்டம் தட்டித்தான் வாங்குவாள். "இந்த ஓட்டை ஒடசல் கப்பலுக்கு இந்த விலையா? உள்ள இருக்கறதுங்க மூஞ்சியப் பாத்தீங்களா?" என்பாள். இடைவெளியில் வேறு சத்தமே கிடையாது, அதனால் பேச்சறையில் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் கப்பலுக்குள் கேட்கும். இறங்கி வந்த பயணிகள் சில பேர் அவளிடமே சண்டைக்கு நிற்பார்கள். "என் மூஞ்சிக்கு என்னம்மா குறைச்சல்?" என்று ஒரு பெரியவர் கேட்டே விட்டார். "குறைச்சல் சொன்னதாலதான் நீங்க இங்க நிக்கிறீங்க" என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே.

வேலையில் இருக்கிற குணம் வீட்டுக்கு வராமல் இருக்குமா? வந்தது. ஒரே மகள், வீட்டில் பாப்பா என்று பெயர். நர்ஸ் படிப்பு முடித்துவிட்டுத் தூரத்துக் குடியிருப்புக்கு வேலைக்குப் போகிறேன் என்றாள். "போறதுன்னா போ. எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது" என்று அக்கா சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வாசலுக்குப் போனதும் தானே அம்மா என்று கூப்பிடுவாள் என்று கணக்குப் போட்டாள். பாப்பாவும் இவள் வயிற்றில் பிறந்தவள்தானே? அம்மா கூப்பிடட்டும் என்று வாசலிலேயே நின்றாள். இரண்டு பேரும் கூப்பிடவில்லை. லிப்ட் கதவு மூடிய சத்தம் மட்டும் கேட்டது. அதற்கப்புறம் வருஷக்கணக்காகப் பேச்சில்லை.

அன்றைக்கு மத்தியானம் ஒரு பயணிகள் கப்பல் மாட்டிக்கொண்டது. மாற்றுக்கு உட்காருகிறவருக்குத் தொண்டையில் ஆபரேஷன், பேச முடியாது. அக்கா டீயோடு பேச்சறைக்குப் படியேறினாள். வழியில் வந்து மறித்தார் அவள் கணவர். துறையிலேயே லிப்ட் மெக்கானிக், கையெல்லாம் கிரீஸ், முகத்தில் ரத்தமில்லை.

"பாப்பா அந்தக் கப்பல்லதான் வர்றா" என்றார். "எங்கிட்ட மட்டும் சொன்னா. உனக்குத் தெரியாம வந்து நிக்கணும்னு ஆசப்பட்டா."

முறைப்படி அக்கா உட்காரக் கூடாது. உட்காராவிட்டால் பேச ஆளில்லை, பொழுது சாய்ந்தால் நாழியார் கப்பலைத் திருப்பித் தரவே மாட்டார். "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

டீயின் ஆவி அசையாமல் நின்றது.

"வந்துட்டியா கறார்?" என்றது குரல். பேரம் பேசுகிறவர்களிடமே தமிழ் கற்றுக்கொண்ட குரல். "தலைக்குப் பத்து வருஷம் குடு. கூட்டிட்டுப் போ."

பத்து வருஷம்! சரி, எடுத்துக்கோ, பிள்ளையைக் கொடு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நரைத்த தலையோடு இறங்கின குழந்தைகளை நினைத்து விழுங்கினாள்.

"பத்தா? விடிஞ்ச மாதிரிதான். வரிசைல நின்ன நேரம் ஒரு தொட்டி இருக்கு. வேணும்னா எடுத்துக்கங்க."

"தொட்டியா? நான் என்ன பிச்சையா கேட்டேன்? அஞ்சு வருஷம்."

"ஒரு தொட்டி."

வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது நக்கல் பேசுவாள். இன்றைக்கு வாய் தவறிவிட்டது. "உள்ள எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?" என்று கேட்டுவிட்டாள்.

கேட்ட கையோடு உயிரே போய்விட்டது அவளுக்கு. பயணிகள் நலம் விசாரித்து அவள் பேரம் பேசினதே இல்லை.

குரல் மேஜைக்குக் குறுக்கே நெருங்கி வந்தது. "என்ன புதுசா அக்கறை? உன் ஆளு யாராவது இருக்கோ?"

"எனக்கு யாரு இருக்கா?"

"பொண்ணு ஒருத்தி இருந்தாளே."

இதையும் பாப்பா கப்பலில் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு சொல் விடாமல் கேட்பாள். அக்கா குரலைக் கல்லாக்கிக்கொண்டாள். "இருந்தா. போயிட்டா. போனவள நான் தேடறதுமில்ல, அவளுக்காகப் பேரம் பேசறதுமில்ல. இந்தக் கப்பல்ல இருக்கற ஒருத்தரும் எனக்கு வேண்டாம். நீங்களே வச்சுக்கங்க."

டம்ளரை எடுத்தாள். எழுந்தாள். கதவு வரைக்கும் நடந்தாள். கூப்பிடவில்லை. கதவைத் திறந்தாள். கூப்பிடவில்லை. வெளியே வந்துவிட்டாள்.

கணவர் ஓடிவந்தார். "முடிஞ்சுதா?"

அக்கா டம்ளரைப் பார்த்தாள். ஆவி அசையவில்லை. பின்னாலேயே வந்திருக்கிறார் நாழியார்.

"கட்டுப்படியாகல. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"என்னது? பாப்..." என்று அவர் ஆரம்பித்ததும் அவர் காலை அழுத்தி மிதித்தாள். மனுஷருக்கு வலி தெரியவில்லை, கோபம்தான் தெரிந்தது. "நீயெல்லாம் ஒரு மனுஷியா? அன்னிக்கும் இப்படித்தான் முதுகக் காட்டிட்டு நின்னே!"

அழுதார். தாலி கட்டிய நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அவர் தோளைப் பிடித்து உலுக்கி டீயைப் பாரய்யா என்று சொல்லத் துடித்தாள். சொன்னால் போச்சு. "வழிய விடுங்க" என்று அவரைத் தள்ளிக்கொண்டு படியிறங்கினாள். கையிலிருந்த டீ தளும்பி விரலைச் சுட்டது, அதற்கும் உஸ் என்று சொல்லவில்லை. கடைசிப் படிக்கு வந்தாயிற்று. அதற்குக் கீழே இறங்கிவிட்டால் பேரம் முறிந்ததாக அர்த்தம். காலைத் தூக்கினாள்.

"சரி வா" என்றது காதோரத்தில் குரல். "இந்தக் கூட்டத்த வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? அந்தத் தொட்டியவே குடு."

இப்போதும் பாய்ந்துவிடக் கூடாது. "யோசிக்கணும்" என்றாள் கறார் அக்கா. யோசிக்கிற மாதிரி கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு, "சரி, உங்களுக்காக" என்றாள். டம்ளரின் ஆவி மெல்லக் கலைந்து மேலே போயிற்று. கணவர் அப்போதுதான் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அவள் முகத்தையும் பார்த்தார், அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார்.

கப்பல் வந்து சேர்ந்தது. பயணிகள் அழுகையும் சிரிப்புமாக இறங்கினார்கள். பாப்பாவும் இறங்கினாள், இளைத்திருந்தாள், முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள், ஒரு நரையும் இல்லை. அப்பாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

"எல்லாம் கேட்டுச்சும்மா."

"அது பேரம்டி. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அன்னிக்கு வீட்டுல சொன்னதும் பேரம்தானே?"

பாப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளிவாசலைப் பார்த்து நடந்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நடை யாருடைய நடை என்று அக்காவுக்குத் தெரியாதா? வாசலுக்குப் போனதும் நிற்பாள். கொஞ்சம் பொறுத்தால் அவளே கூப்பிடுவாள். அன்றைக்கும் இப்படித்தான் பொறுத்தாள்.

"பாப்பா!"

துறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சுமை தூக்குகிறவர்கள் தூக்கின பெட்டியோடு நின்றுவிட்டார்கள். கறார் அக்கா முதலில் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை.

"எனக்கு நீ வேணும்டி. என்ன கேட்டாலும் தரேன், வந்துடு."

பாப்பா வாசலில் நின்றாள். திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"இன்னொரு தடவ கூப்பிடு" என்றாள்.

கறார் அக்கா பேரம் பேசவில்லை. கூப்பிட்டாள்.