பதக்கத்தில் இருந்த பெயர்

எழுபதுகளில் செக்காலை ரோட்டில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்த கடைக்கு வந்தவர் அவர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்; ரெக்கார்டில் பெயரைத் திருத்த மனு அடிக்க வந்திருந்தார். நாற்காலி போட்டும் உட்காராமல், நான் அடித்து முடிக்கும்வரை விறைப்பாக நின்றார். ஆளெடுத்த அன்று இனிஷியலை விரிக்கச் சொன்ன குமாஸ்தா, அப்பா பெயரையே இவர் பெயராகப் பதிந்துவிட்டாராம்.

“இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு மாத்துறீக?”

“எனக்குப் பிறகு வீட்டுக்காரிக்குப் பென்ஷன் வரணும்ல தம்பி? அந்தக் காகிதப்படி அவ எங்கப்பாவுக்குல்ல பொஞ்சாதி.”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“மெடல்லயும் அப்பா பேருதான் இருக்கு. அதை மட்டும் மாத்த வேணாம்னு எழுதுங்க. நான் சண்டையில நின்னப்ப இங்குட்டுத் தூங்காமக் கெடந்தது அவருதான்.”

மனுவில் அதை எங்கே சேர்ப்பதென்று தெரியாமல், முதல் வரியாகவே அடித்தேன்.