காட்டாமணக்குக்குப் பார்த்த சம்பந்தம்

ஒவ்வொரு பூங்கொத்தையும் தொடுமுன் அம்பிகா ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் விரல்களைத் துடைத்து, முகர்ந்து பார்ப்பாள். பழவேற்காட்டு ஏரிச் சேற்றில் இறாலைத் தடவிப் பிடித்துப் பழகிய விரல்கள். “இறா கவுச்சியோட தொட்டா பூவு கோச்சிக்கும் பெரிப்பா” என்பாள்.

காட்டாமணக்கு விதையிலிருந்து வண்டிக்கு எண்ணெய் எடுக்கிறார்களாம். எண்ணெய் கூடுதலாகக் கொடுக்கும் ரகத்தை உண்டாக்கத்தான் இந்தத் தோட்டம். ஆண்பூவின் மகரந்தத் தூளைச் சின்ன இடுக்கியால் எடுத்துப் பெண்பூவில் வைப்பது அவள் வேலை. ஆடு விரட்டுவது என் வேலை. காட்டாமணக்கை ஆடு கடிக்காது என்பது எனக்கும் ஆட்டுக்கும் தெரியும். தோட்டத்துக்காரர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

நானூறு செடிக்கும் தாய் யார், தகப்பன் யார் என்று, செடியில் கட்டியிருக்கும் சீட்டைப் பார்க்காமல் சொல்லுவாள். குப்பத்தில் ஏழு தலைமுறை உறவை ஒப்பிக்கிறவன் நான். என்னையே ஒருத்தி மிஞ்சியதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

பன்னிரண்டாம் வரிசையில் ஒரு செடி. அதன் விதையில் நூற்றுக்கு நாற்பது பங்கு எண்ணெய். அந்தக் குணம் நிலைக்க, அதன் ஆண்பூத் தூளை அதே செடியின் பெண்பூவில் வைத்து உறை கட்டச் சொன்னார் அதிகாரி சிவசங்கர். நான் சும்மா இருந்திருக்கலாம். “இன்னா அம்பிகா, ஒரே வயித்துப் புள்ளைங்களுக்கு முடிச்சுப் போடுறியே, அடுக்குமா?” என்றேன்.

எங்கள் பக்கம் பங்காளிக்குள் பெண் எடுத்தால் பந்தலில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். அவள் முகம் சுருங்கிவிட்டது. அடுத்த வரிசையில் மாமன் மகன் முறையாகும் ஒரு செடியின் தூளை எடுத்துவந்து வைத்தாள். சீட்டில் மட்டும் அதிகாரி சொன்னபடி எழுதினாள். பொருத்தம் பார்த்துக் கொடுத்த பெரிய மனிதன் நான்.

அந்த விதையில் முளைத்த செடிகள் மறுவருஷம் காய்த்தன. எண்ணெய் இருபத்தாறு.

“தாய்ச்செடியே சரியில்ல. நாளைக்கு வேரோட பிடுங்கிடுங்க” என்றார் சிவசங்கர்.

“வாய மூடிக்கினு இரு, வேல போயிடும்” என்றேன் அவளிடம்.

“செடி போயிடுமே” என்றவள், நேரே அவர் அறைக்குள் போனாள். ஆட்டைத் தேடுகிறவன் மாதிரி நானும் பின்னால் போனேன்.

“சார், செடிமேல தப்பில்ல. நான்தான் வேற பூவுத் தூள வெச்சிட்டேன். அத வெட்டாதீங்க.”

“யாரும்மா உனக்கு இந்த யோசனை சொன்னது?”

பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்தும் தூக்காத கையை அன்றைக்குப் பாதி தூக்கினேன். என் பக்கம் திரும்பாமலே அவள் அதைப் பிடித்து இறக்கினாள். மற்றக் கையால் இடுப்பில் செருகியிருந்த பூ இடுக்கியை உருவி, மேசைமேல் வைத்தாள்.